ஸ்கைரிமில் வாள் வீரன் ஓயாமல் செத்துக்கொண்டே இருக்கிறானா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

தக்கலையில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், லேப்டாப் சின்னப் பழுது, அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் கல்லூரி விட்டால் பென் டிரைவோடு வரும் பையன்களில் பாதிப்பேர் பிரிண்ட் எடுக்க வருவதில்லை. "அண்ணே, இந்த சேவ் ஃபைலை ஒண்ணு பாருங்க, ஒரு டிராகர் சாவ மாட்டேங்கான்" என்றுதான் வருகிறார்கள். சேவ் என்றால் ஆட்டத்தைப் பாதியில் சேமித்து வைத்த ஃபைல், டிராகர் என்றால் கல்லறையில் திரியும் செத்த வீரன். ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டு வந்தது 2011இல். பழைய லேப்டாப்பிலும் ஓடும் என்பதால் இந்தப் பக்கத்தில் அது இன்னும் சாகவில்லை. சாவதெல்லாம் இவர்களுடைய வீரன்தான்.

ஒரே பழுதைப் பலமுறை பார்த்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். வீரன் சாவதற்கு லெவல் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். எங்கோ ஒன்றைத் தீட்டாமலோ, எதையோ பத்து இடத்தில் இறைத்தோதான் வந்திருப்பார்கள். கீழே உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், அதிகச் செலவு கடைசியில். தொடும் முன் புதிதாக ஒரு சேவ் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

அறிகுறி 1: அடி விழுகிறது, எதிரியின் சிவப்புக் கோடு இறங்கவே இல்லை

பத்துக்கு ஆறு பேர் இதற்காகத்தான் வருகிறார்கள்.

*முதலில் செட்டிங்ஸ்.* கஷ்ட நிலை என்னவென்று பாருங்கள். அடெப்ட் என்றால் கொடுக்கும் அடியும் வாங்கும் அடியும் உள்ளது உள்ளபடி. எக்ஸ்பெர்ட் வைத்தால் உங்கள் அடி முக்கால் பங்காகிவிடும், வாங்குவது ஒன்றரை மடங்கு. மாஸ்டரில் பாதி அடி, இரட்டை வலி. லெஜண்டரியில் உங்கள் அடியில் கால்வாசிதான் இறங்கும், வாங்குவது மூன்று மடங்கு. நண்பன் சொன்னான் என்று லெஜண்டரியில் வைத்துவிட்டு அதையே மறந்த பையன்கள் உண்டு. அடெப்ட்டுக்கு இறக்கி ஒரு சண்டை போட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் பழுது வீரனிடம் இல்லை, வீம்பில் இருக்கிறது.

*அடுத்து சாணைக்கல்.* ஆயுதங்களின் பட்டியலைத் திறங்கள். வாளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஃபைன், சுப்பீரியர், எக்ஸ்குவிசிட், ஃபிளாலெஸ், எபிக், லெஜண்டரி என்று ஏதாவது ஒரு சொல் இருக்கிறதா? ஒன்றுமே இல்லை என்றால் அந்த வாளை நீங்கள் தீட்டவே இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் கத்தியைத் தீட்டாமல் மரத்தடிக்குப் போவாரா? வீட்டில் தேங்காய் வெட்டும் வெட்டோத்தியைக்கூட மாதம் ஒருமுறை தீட்டுகிறோம். இங்கே மட்டும் டிராகனை வெட்டப் போகும் வாளை வாங்கியபடியே தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

ரிவர்வுட் கிராமத்தில் கொல்லன் ஆல்வாரின் பட்டறையில் சாணைக்கல்லும் இருக்கிறது, கவசத்துக்கான மேசையும் இருக்கிறது. இரும்பு வாளுக்கு இரும்புக் கட்டி ஒன்று, ஸ்டீல் வாளுக்கு ஸ்டீல் கட்டி ஒன்று, வேலை முடிந்தது. ஸ்மிதிங் என்ற கொல்லர் வேலை ஸ்கில்லில் ஸ்டீல் பெர்க் (லெவல் ஏறும்போது ஒவ்வொன்றாகக் கிடைக்கும் கூடுதல் திறன்) எடுத்தால் ஸ்டீல் பொருள்கள் இரட்டிப்பாக மேம்படும், அதற்கு ஸ்கில் அளவு எதுவும் தேவையில்லை. இரும்புக்கென்று பெர்க் கிடையாது என்பதால் சீக்கிரமே ஸ்டீலுக்கு மாறுவது நல்லது. மந்திரம் ஏற்றிய வாளைத் தீட்ட மட்டும் ஸ்மிதிங் 60 வந்து ஆர்கேன் பிளாக்ஸ்மித் பெர்க் எடுத்திருக்க வேண்டும். அதற்கு முன் மந்திர வாளைத் தூக்கிக்கொண்டு சாணைக்கல்லுக்குப் போனால் கல் கண்டுகொள்ளாது. அதைப் பழுது என்று நினைத்து என்னிடம் வந்தவர்கள் நிறைய.

*பிறகு பெர்க்குகள்.* ஸ்கில் பக்கத்தைத் திறந்தால் வானம் மாதிரி இருக்கும், பெர்க்குகள்தான் அதில் நட்சத்திரங்கள். எடுத்தவற்றை எண்ணுங்கள். ஒன் ஹேண்டட் (ஒரு கை ஆயுதம்) மரத்தின் அடியிலேயே ஆர்ம்ஸ்மேன் இருக்கிறது. ஐந்து படி, படிக்கு 20 சதவீதம், ஐந்தும் எடுத்தால் அடி இரட்டிப்பு. இரண்டாம் படிக்கு ஸ்கில் 20 வேண்டும், பிறகு 40, 60, 80. டூ ஹேண்டட்டில் அதே வேலையைப் பார்ப்பது பார்பேரியன். என்னிடம் வரும் சேவ்களில் பெரும்பாலும் ஆர்ம்ஸ்மேன் ஒரு படியோடு நிற்கும். பக்கத்திலேயே வாளுக்கு ஒன்று, கோடரிக்கு ஒன்று, கதைக்கு ஒன்று என்று மூன்று கிளையிலும் பெர்க் விழுந்திருக்கும். கையில் ஒரு நேரத்தில் ஒரு ஆயுதம்தானே! போதாக்குறைக்குப் பூட்டுத் திறப்பதில் இரண்டு, பேரம் பேசுவதில் மூன்று.

கருங்கலிலிருந்து வந்த ஒரு பையனின் வீரன் லெவல் 30. அதாவது 29 பெர்க். எண்ணிப் பார்த்தோம். அடியைக் கூட்டும் பெர்க் அதில் நான்கே நான்கு. "மக்கா, நீ வீரனை வளர்க்கலை, பல்பொருள் அங்காடி வச்சிருக்க" என்றேன். இனி வரும் பெர்க் எல்லாம் ஆர்ம்ஸ்மேனுக்கே என்று எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டான்.

*அப்புறம், எதிரி யார் என்று பாருங்கள்.* டிராகர்களைப் பனி பாதியளவே தாக்கும், விஷம் ஏறவே ஏறாது. பனி மந்திர வாளோடு கல்லறைக்குள் போய் அடித்துக் களைக்கிறவர்கள் நெருப்பு ஏற்றிய வாளையோ வெள்ளி ஆயுதத்தையோ எடுத்துப் பாருங்கள். வாளின் மந்திரச் சார்ஜ் தீர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சோல் ஜெம் என்ற ஆன்மா அடைத்த கல் ஒன்று செலவழித்தால் நிரம்பிவிடும்.

*செலவு கூடிய காரணம்.* பட்டறையில் உட்கார்ந்து மோதிரமும் கத்தியுமாக அடித்துத் தள்ளி, பேரம் பேசி, பிக்பாக்கெட் அடித்து லெவலை ஏற்றிவிட்டார்கள். லெவல் ஏறினால் எதிரிகளும் கனமாக வருவார்கள். லெவல் 25, ஒன் ஹேண்டட் மட்டும் 34 என்றால் இதுதான் நோய். இதற்குச் சாணைக்கல் போதாது.

*ஆசானைப் பார்க்க வேண்டிய கட்டம்.* நம் ஊரில் அடிமுறை கற்க ஆசானிடம் போவதுபோல இங்கேயும் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளலாம். வைட்ரன் நகரில் கம்பானியன்ஸ் என்ற வீரர் கூட்டத்தின் மண்டபமான ஜோர்வாஸ்கரில் சேர்ந்தால் ஆசான்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ்: ஒன் ஹேண்டட் ஆதிஸ், ஸ்கில் 75 வரை. டூ ஹேண்டட் வில்காஸ், கனக் கவசம் ஃபார்காஸ், இருவரும் 90 வரை. கேடயத் தடுப்புக்கு இஞாடா, 75 வரை. ஒவ்வொரு லெவலுக்கும் ஐந்து பாடம்தான் கிடைக்கும், ஸ்கில் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். அதனால் ஐந்தையும் சண்டை ஸ்கில்லுக்கே செலவழியுங்கள். கம்பானியன்ஸ் கதை முழுதும் முடிந்தபின் இவர்களைக் கூட அழைத்துப் போகலாம். அப்போது பாடம் படித்துவிட்டு, பொருள் மாற்றும் சாக்கில் கொடுத்த பொன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் தந்திரம் உண்டு. நிஜ ஆசானிடம் இதை முயல வேண்டாம்.

அறிகுறி 2: வாள்காரனை வெல்கிறேன், மந்திரக்காரனிடம் நொடியில் சாகிறேன்

கவசத்தின் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு வரும் நோய் இது. கவசம் இரும்பையும் அம்பையும்தான் தடுக்கும். நெருப்பு, பனி, மின்னல் மூன்றுக்கும் அதைப் பற்றிக் கவலையே இல்லை. நான்கு துண்டுக் கவசத்தோடு 567 எண் வந்துவிட்டால் ஆயுத அடியில் 80 சதவீதம் குறையும். அதுதான் உச்சவரம்பு. அதற்கு மேல் ஏற்றுவதெல்லாம் வீண் சுமை. அந்த 567ஓடும் ஒரு பனி மந்திரக்காரன் முன் நின்றால் சட்டை போடாதவன் மாதிரிதான்.

*காசில்லாத சோதனை:* மேஜிக் பட்டியலில் ஆக்டிவ் எஃபெக்ட்ஸ் பகுதியைத் திறங்கள். ரெசிஸ்ட் மேஜிக் என்ற வரி இருக்கிறதா? எண் என்ன? ஒன்றும் இல்லை என்றால் உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி பூஜ்யம்.

*செலவு குறைந்த மருந்து:* ரிஃப்டனில் மாரா கோவில் இருக்கிறது. அங்கே டின்யா பாலுவிடம் பேசினால் பிரிந்த காதலர்களைச் சேர்த்துவைக்கும் வேலை தருவார். முதலில் ஐவர்ஸ்டெட், பிறகு மார்கார்த், கடைசியில் செத்துப்போன ஒரு ஜோடி. பெரிய சண்டை எதுவும் இல்லை, நடைதான். முடித்தால் நிரந்தரமாக 15 சதவீத மந்திர எதிர்ப்பு. ரத்தம் சிந்தாத வேலைக்கு இவ்வளவு கூலி ஸ்கைரிமில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் "காதல் குவெஸ்ட்டா, வேண்டாம்ணே" என்று வெட்கப்படுகிறவர்கள் உண்டு.

அடுத்து நிற்கும் கற்கள், தொட்டால் வரம் தருபவை. ஆரம்பத்தில் வாரியர் கல்லைத் தொட்டிருப்பீர்கள். சண்டை ஸ்கில்கள் 20 சதவீதம் வேகமாக ஏற அது நல்லது. ஸ்கில்கள் ஓரளவு ஏறியபின் மோர்தாலுக்குக் கிழக்கே மலையில் இருக்கும் லார்டு கல்லுக்கு மாறுங்கள். கவசத்துக்கு 50, மந்திர எதிர்ப்பு 25 சதவீதம். ஒரு நேரத்தில் ஒரு கல்தான். மாராவோடு சேர்த்தால் 40. பிரெட்டன் இனமாக இருந்தால் பிறவியிலேயே 25 உண்டு, ஆக 65. மொத்த வரம்பு 85.

நெருப்புக்கென்று தனி எதிர்ப்பு இருந்தால் அது இதற்கு மேல் தனியாகக் கழியும். மந்திர எதிர்ப்பு 40, நெருப்பு எதிர்ப்பு 50 என்று இருந்தால் 100 அடி 60 ஆகி, அந்த 60இலும் பாதி போய் 30 ஆகும். இதை எழுதிக் காட்டிய பிறகுதான் ஒருவன் அந்த நெருப்பு மோதிரத்தை விற்காமல் வைத்தான்.

*கேடயக்காரருக்கு:* பிளாக் (தடுப்பு) ஸ்கில் 50இல் எலிமென்டல் புரொட்டெக்ஷன் பெர்க். கேடயத்தைத் தூக்கியிருக்கும்போது நெருப்பு, பனி, மின்னல் பாதியாகும். மந்திரக்காரன் கை நீட்டும்போது கேடயத்தால் ஒரு இடி இடித்தால் அவன் மந்திரம் அறுந்துவிடும். இடிக்க முதலில் பக்கத்தில் போக வேண்டுமே என்றால், ஹை ஹ்ரோத்கர் மலை மடத்தில் கிரேபியர்ட்ஸ் என்ற துறவிகள் கற்றுத்தரும் வேர்ல்விண்ட் ஸ்பிரிண்ட் இருக்கிறது, கத்தினால் முன்னால் பாய்ந்துவிடலாம். அதுவும் இல்லையா, தூணுக்குப் பின்னால் ஒளிந்து நில்லுங்கள். அவனே தேடிக்கொண்டு வருவான்.

இரண்டு கையிலும் வாள் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். உங்களால் தடுக்கவே முடியாது. பார்க்க அழகு, அவ்வளவுதான் என்பது என் எண்ணம். ஆரம்பக்காரருக்கு நான் கேடயம்தான் சொல்வேன்.

அறிகுறி 3: இரண்டு பலத்த அடி, பிறகு மூச்சு வாங்குகிறது

ஸ்டாமினா என்ற பச்சைக் கோடு தீர்ந்துபோகிறது என்பதுதான் இது. உடனே லெவல் ஏறும்போதெல்லாம் ஸ்டாமினாவில் போடத் தொடங்குவார்கள். பொறுங்கள்.

பவர் அட்டாக் என்ற பலத்த அடி அடிக்கக் கோட்டில் முழுத் தொகை இருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் மிச்சம் இருந்தாலே போதும். ஆகவே சொட்டுச் சொட்டாக ஏதாவது ஊறிக்கொண்டே இருந்தால் அடித்துக்கொண்டே இருக்கலாம். அந்தச் சொட்டு எது தெரியுமா? காய்கறி சூப். முட்டைக்கோஸ் ஒன்று, லீக் தண்டு ஒன்று, உருளைக்கிழங்கு ஒன்று, தக்காளி ஒன்று. எந்தச் சமையல் பானையிலும் வைக்கலாம். குடித்தால் 720 வினாடிக்கு, அதாவது 12 நிமிடத்துக்கு, ஒவ்வொரு வினாடியும் ஹெல்த் ஒன்று, ஸ்டாமினா ஒன்று ஏறும். ஒன்று என்பது கேட்கச் சின்ன எண். ஆனால் கோடு காலியான அடுத்த வினாடியே மீண்டும் பலத்த அடி அடிக்கலாம், கேடயத்தால் இடிக்கலாம். தோட்டங்களில் பறித்தாலே பாதிப் பொருள் சேர்ந்துவிடும். நம் அவியலின் பக்கத்தில் வைக்க முடியாத சூப்தான், ஆனால் முருங்கைக்காய் கிடைக்காத ஊரில் வேறென்ன செய்வது.

அதோடு ஒன் ஹேண்டட் 20இல் ஃபைட்டிங் ஸ்டான்ஸ் எடுத்தால் பவர் அட்டாக் செலவு கால்வாசி குறையும். டூ ஹேண்டட்டில் அதன் பெயர் சாம்பியன்ஸ் ஸ்டான்ஸ்.

பனி மந்திரம் பட்டால் ஸ்டாமினாவும் சேர்ந்து வடியும். பனிக்காரர்களிடம் மட்டும்தான் மூச்சு வாங்குகிறது என்றால் அறிகுறி 2க்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி 4: கவசம் நல்லதுதான், இருந்தும் நான்கு அடியில் சாகிறேன்

ஹெல்த் எண்ணைப் பாருங்கள். எல்லாரும் 100இல் தொடங்குகிறார்கள், லெவலுக்கு 10 கிடைக்கும், ஹெல்த், ஸ்டாமினா, மந்திரத்துக்கான மேஜிக்கா மூன்றில் ஒன்றில் போட வேண்டும். குளச்சல் பையன் ஒருவன் லெவல் 24இல் வந்தான். 23 முறை தேர்ந்தெடுத்ததில் எட்டு மேஜிக்கா, எட்டு ஸ்டாமினா, ஏழு ஹெல்த். ஆக உயிர் 170. "சமமா போட்டா நல்லதுன்னு நினைச்சேண்ணே." பந்தியில் பரிமாறுவதற்குச் சமம் நல்லது, இதற்கு ஆகாது. என் கணக்கு: இரண்டு ஹெல்த்துக்கு ஒரு ஸ்டாமினா, மேஜிக்காவுக்கு ஒன்றும் கிடையாது. குணப்படுத்தும் வேலைக்குப் போஷன் போதும். சண்டை நடுவே பட்டியலைத் திறந்தால் ஆட்டம் நின்றுவிடும், நிதானமாகக் குடிக்கலாம்.

ஹெல்த் சரி என்றால் கவச மேசை. வாளைத் தீட்டிவிட்டுக் கவசத்தை மறப்பது சகஜம். கனக் கவசம் என்றால் தலை, உடல், கை, கால் நான்கும் கனக் கவசமாகவே இருக்கட்டும். கலந்து போட்டால் வெல் ஃபிட்டெட் பெர்க்கின் 25 சதவீதம் போய்விடும். பிறகு கவச எண்ணைக் கூட்டும் ஜகர்நாட் ஐந்து படி.

பூதங்களின் கதாயுதத்தால் அடிவாங்கி ஆகாயத்துக்குப் பறந்தீர்கள் என்றால் அது பழுது அல்ல. லெவல் 5இல் அவர்கள் பக்கம் போகாதீர்கள், அவ்வளவுதான்.

அறிகுறி 5: டிராகன் இறங்கவே மாட்டேன் என்கிறது

வில் எடுத்துவையுங்கள். வாள் வீரனாக இருந்தாலும் முதுகில் ஒரு வில் இருக்க வேண்டும். மெயின் கதையில் அல்டுயின்ஸ் பேன் குவெஸ்ட் வரை போனால் டிராகன்ரெண்ட் என்ற மந்திரக் கூச்சல் கிடைக்கும், கத்தினால் இறங்கிவிடும். அதுவரை கல் சுவரின் மறைவில் இருந்து அம்பு விடுங்கள், இறங்கியதும் ஓடிப்போய் வெட்டுங்கள்.

அறிகுறி 6: ஓட முடியவில்லை

சுமை. 300இல் தொடங்குகிறது. ஸ்டாமினாவில் ஒருமுறை போட்டால் 5 கூடும். பைக்குள் பாருங்கள், பன்னிரண்டு இரும்புக் கவசமும் அறுபது பாலாடைக்கட்டியும் இருக்கும். விற்றுவிடுங்கள், அல்லது கூட வரும் லிடியாவிடம் கொடுங்கள். கனக் கவசம் 70 வந்து கண்டிஷனிங் எடுத்தால் போட்டிருக்கும் கவசத்துக்கு எடையே கிடையாது.

அறிகுறி 7: பட்டனை அமுக்குகிறேன், வாள் எழுவதில்லை

இதுவரை சொன்ன எதுவும் இதற்கு உதவாது. பழுது வீரனிடம் இல்லை, மேசைமேல் இருக்கிறது.

டச்பேடில் விளையாடுகிறீர்களா? டபிள்யூ பட்டனை அமுக்கி ஓடிக்கொண்டே அடிக்கும்போதுதான் அடி விழவில்லையா? தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை படாமல் இருக்க விண்டோஸ் டச்பேடைக் கொஞ்சம் அடக்கிவைக்கும். உங்கள் ஓட்டத்தை அது தட்டச்சு என்று நினைக்கிறது. டச்பேட் செட்டிங்ஸில் சென்சிட்டிவிட்டியை உச்சத்துக்கு வைத்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் ஒரு மவுஸ் வாங்குங்கள். சில நூறு ரூபாயில் முடியும் காரியம். மார்த்தாண்டத்துப் பையன் ஒருவன் மூன்று மாதம் தன் பில்ட்தான் (வீரனை வளர்த்த விதம்) தப்பு என்று நினைத்து நான்கு முறை புது வீரன் தொடங்கியிருந்தான். கடையில் இருந்த பழைய மவுஸைச் செருகிக் கொடுத்தேன். முதல் கொள்ளைக்காரனை வெட்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபமா சிரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை.

மவுஸும் சரி, பொருள்கள் மேசையிலிருந்து தானாகத் துள்ளிப் பறக்கின்றனவா? வினாடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் ஓடுகிறது. இந்த ஆட்டத்தின் அசைவுகள் ஃபிரேமோடு கட்டப்பட்டவை. விசிங்க் (ஃபிரேமைக் கட்டுப்படுத்தும் வசதி) போட்டு 60இல் நிறுத்துங்கள்.

பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு அடியெல்லாம் தாமதமாக விழுகிறதா? லேப்டாப்பின் அடியில் கை வையுங்கள். கை பொறுக்காத சூடு என்றால் காற்றோட்டத் துளைகளை மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள், மெத்தையில் வைக்காமல் மேசையில் வையுங்கள். அதற்கும் அடங்காமல் ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டால் நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். குளச்சல், முட்டம் பக்கக் கடற்கரை வீடுகளிலிருந்து வரும் லேப்டாப்களைத் திறந்தால் திருகாணியில் உப்புக்காற்றின் துரு தெரியும். அதை யூடியூப் பார்த்துத் திறந்து, ரிப்பன் வயரை அறுத்துக்கொண்டு வராதீர்கள். திறக்காமல் வந்தால் கூலி குறைவு.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் தேறவில்லை

பெர்க்குகள் மீட்க முடியாதபடி சிதறிவிட்டன என்றால் இரண்டு வழி. ஏதாவது ஸ்கில் 100 தொட்டிருந்தால் அதை லெஜண்டரி ஆக்கலாம். அது 15க்கு இறங்கும், அதில் போட்ட பெர்க் எல்லாம் திரும்பிவரும். 2013இல் வந்த 1.9 அப்டேட்டிலிருந்து இந்த வசதி உண்டு. பேரத்தில் 100 வைத்திருப்பவர் தயங்காமல் செய்யலாம், வாளில் 100 வைத்திருப்பவர் யோசித்துச் செய்யுங்கள். 15 ஸ்கில்லோடு கனமான எதிரிகள் முன் நிற்க வேண்டிவரும்.

மற்றது டிராகன்பார்ன் விரிவாக்கம். அதன் கடைசி எதிரி மிராக்கை முடித்தபின், அவனிடம் கொண்டுபோன கறுப்புப் புத்தகத்தையே படித்து உள்ளே போனால், ஒரு மரத்துக்கு ஒரு டிராகன் ஆன்மா என்ற விலையில் பெர்க்குகளைத் திரும்பப் பெறலாம். ஸ்கில் இறங்காது. சிக்கல் என்னவென்றால், மிராக்கை வெல்ல முடிந்த வீரனுக்கு அவ்வளவாகப் பழுது இருக்காது.

லெவல் 10க்குள் என்றால் இந்தத் தொல்லையே வேண்டாம், புதிதாகத் தொடங்குங்கள். அதற்காகத்தான் ஹெல்கன் குகையை விட்டு வெளியே வரும் இடத்தில் தனியாக ஒரு சேவ் போட்டு வைக்கச் சொல்கிறேன். வண்டியில் கை கட்டி உட்கார்ந்திருக்கும் அந்த ஆரம்பத்தை நான் கடையில் மட்டும் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன்.